அக்கா ஓரம்

1

சென்ற வாரம் ஒரு கோதுமை வயலின் ஓரத்தில் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். வடக்கு ஜெர்மனி. ஜூன் மாதம் என்று பெயர்தான், காற்று காதைக் கிள்ளியது. நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் யான்சன். எழுபதை நெருங்கும் விவசாயி, வயலுக்குச் சொந்தக்காரர். வயலின் நாலு பக்கமும் ஐந்து மீட்டர் அகலத்துக்கு உழாமல், மருந்தடிக்காமல், பூச்செடிகளுக்கென்று விட்டுவைப்பதாக அரசாங்கத்திடம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். விட்டால் உதவித்தொகை உண்டு. தேனீக்கும் வானம்பாடிக்கும் பிழைக்க ஓர் இடம் வேண்டும், விவசாயிக்கும் நஷ்டம் வரக்கூடாது, அதுதான் கொள்கை. சொன்னபடி விட்டிருக்கிறாரா என்று பார்ப்பது என் உத்தியோகம்.

நாடா நாலரைக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

"டிராக்டர் திரும்பும்போது கடித்துவிட்டது" என்றார் யான்சன். நான் தலையாட்டிக்கொண்டே நாலரை என்று எழுதினேன். பதினோரு வருடமாகச் சொல்லிச் சொல்லி என் வாயில் தேய்ந்துபோன வாக்கியம் ஒன்று உண்டு. அதையும் சொன்னேன். "காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் நிலத்திலும் இருக்க வேண்டும்."

மனுஷர் கோபப்படவில்லை. நாடாவைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, "உங்கள் ஊரிலும் நிலம் இருக்கிறது என்று போன தடவை சொன்னீர்களே, அங்கே ஓரத்துக்கு எவ்வளவு அகலம் விடுவீர்கள்?" என்று கேட்டார்.

சாதாரணக் கேள்வி. எனக்கு முகம் சுண்டிப்போனது. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லி வண்டியில் ஏறிவிட்டேன். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார்.

2

எங்கள் நிலம் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. ஆந்திராவில் இருந்தாலும் வீட்டில் தமிழ், பட்டாவில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் கலந்த ஒன்று. ரெண்டேகால் ஏக்கர் மானாவாரி. வானம் பார்த்து வேர்க்கடலை போடுவோம். நைனா, எங்கள் அப்பா, போன பிறகு தம்பி தனபால் பார்த்துக்கொள்கிறான், அவன் மனைவி சரளாவோடு.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஊரில் இன்னும் நாலைந்து வீட்டில் இருந்தது, இப்போது இருக்கிறதா தெரியாது. கடலை விதைக்கும் நாளில் முதல் பிடி கடலைக்கு இல்லை, ஓரத்துக்கு. கம்பு, துவரை, காராமணி, ஆமணக்கு நாலையும் கலந்து முந்தானையில் முடிந்துகொண்டு, அந்த வீட்டில் பிறந்த பெண் வயலுக்குள் நின்று வரப்பைப் பார்த்துக் கையை வீசுவாள். கடலை விதைப்பவர்கள் அவள் நின்ற இடத்துக்கு அந்தப் பக்கம் வரமாட்டார்கள். அவள் கை வீச்சு எவ்வளவோ அவ்வளவுதான் ஓரம். நாடாவும் கிடையாது, முழக்கோலும் கிடையாது.

அந்த ஓரத்தில் விளைவதெல்லாம் அவளுடையது. கல்யாணமாகிக் கண்காணாத ஊருக்குப் போனாலும் பொங்கலுக்குள் துவரையும் காராமணியும் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். வெளி வரிசைக் கம்பை மட்டும் அவளும் தொடக்கூடாது, அது குருவிக்கு. வரப்பில் மூன்று புங்க மரம், நொச்சி, ஆவாரை, ஓர் ஈச்ச மரம். ஈச்ச மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். கம்பு தின்ன வந்த குருவி சும்மா போகாது, கடலையில் இருக்கும் கம்பளிப்புழுவையும் பொறுக்கிக்கொண்டு போகும். ஆமணக்கு இலை இருக்கும்வரை புழு பாதி அங்கேயே நின்றுவிடும். இதையெல்லாம் நான் பட்டப்படிப்புக்குப் போன பிறகு பெரிய பெரிய சொற்களில் படித்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். எங்கள் ஓரத்தைத்தான் படிக்கிறேன் என்று அப்போது ஒரு நாளும் தோன்றவில்லை, கெட்டிக்காரிதான் நான்.

பன்னிரண்டு வயதிலிருந்து வீசினேன். எனக்குக் கை வீச்சு அதிகம். நைனா தலையில் அடித்துக்கொள்வார். "ஏம்மா, நெலத்த பூரா குருவிக்கே எழுதி வெச்சிடுவியா நீ? மெதுவா வீசும்மா!" அவர் சொல்வதைக் கேட்டு இன்னும் எட்டி வீசுவேன். கூலிக்கு வந்த பெண்கள் சிரிப்பார்கள். அந்த ஓரத்துக்கு வீட்டில் வைத்த பெயர் அக்கா ஓரம்.

ஜெர்மனிக்கு வந்த பிறகும் வழக்கம் நிற்கவில்லை. விதைப்பன்று தம்பி வீடியோவில் கூப்பிடுவான். நான் "போடு" என்பேன், எனக்குப் பதிலாக சரளா வீசுவாள். தை மாதம் சென்னையிலிருந்து வரும் யார் பெட்டியிலாவது என் துவரை வரும். முழு விதையைக் கொண்டுவர இங்கே ஆயிரம் சட்டம். அதனால் சரளா அதை உடைத்துப் பருப்பாக்கி, பழைய புடவைத் துணியில் தைத்து அனுப்புவாள். அந்தப் பருப்பில் சாம்பார் வைத்தால் வீடே மணக்கும்.

3

என் மகள் மீராவுக்குப் பதினாலு வயது. அவளுக்கு மாமாவின் நிலம் என்றால் தை மாதம் வரும் துணி மூட்டைதான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்றதை வைத்து மாமாவிடம், "மாமா, நீங்கள் நலமாக உள்ளீர்களா?" என்பாள். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். "இன்னாடி, ரேடியோல நூஸ் படிக்கிற மாதிரியே பேசற! துன்னியா, தூங்கனியான்னு கேளு." அதன் பிறகு அவள் போனை வாங்குவதையே நிறுத்திவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம்.

அவளைச் சொல்வானேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் மட்டும் என்ன வாழ்ந்தேன். எண்பது வயதுக் கிழவரை ஜெர்மன் மொழியில் 'நீ, வா, போ' என்று பேசிவிட்டேன், அவர் என் மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினார். மரியாதைச் சொல்லைக் கற்றுக்கொள்வதற்குள் படிவங்கள் வந்து மேலே விழுந்தன. ஓரத்துக்கு ஒரு படிவம், வேலிப் புதருக்கு ஒரு படிவம், தரிசுக்கு ஒரு படிவம். எந்தத் தேதிக்கு முன்னால் வெட்டக்கூடாது, எந்தத் தேதிக்குப் பின்னால் வெட்டலாம், எல்லாவற்றுக்கும் கட்டம். இந்தக் கட்டங்களை நான் ரொம்ப நம்பினேன். கட்டத்துக்குள் வந்துவிட்டால் ஒரு விஷயம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தேன். கட்டத்துக்குள் வராததைப் பற்றி எனக்கு யோசனையே வரவில்லை.

4

போன வருடம் ஆனி மாதம் தம்பி கூப்பிட்டான். அதற்கு முந்தின வருடம் காய் பிடிக்கிற நேரத்தில் மழை பொய்த்துக் கடலை காய்ந்துபோனது. காப்பீடு வந்தபோது, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று அரசாங்கம் எடுக்கும் பயிர்ப் பதிவைக் காட்டித் தொகையில் கை வைத்துவிட்டார்கள். கால் ஏக்கரில் கடலையே இல்லை, புதரும் கலப்புமாக இருக்கிறது என்று குறைத்துவிட்டார்கள். பதிவெடுக்க வரும் அம்மாள் நல்லவர்தான். "நா சேத்துல ஏமி லேதண்ணா, என் கையில ஒண்ணும் இல்ல, ஒரு துண்டுக்கு ஒரு பயிருதான் ஏறும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"அக்கா, ஓரத்த எடுத்துடலாமா? இன்னா சொல்ற?" என்றான்.

எனக்கு இன்னும் ஐந்து நிமிடத்தில் கூட்டம். கையில் காப்பி. அவன் முந்தின வருடம் பட்ட பாடு எனக்குத் தெரியும். பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவன், இன்னொரு வருடம் அப்படிப் போனால் தாங்கமாட்டான் என்கிற பயம் எனக்கு. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"எடுத்துட்டு கடலயே போடுடா. அந்தப் பொதரக் கட்டிக்கினு அழுது இன்னாத்தக் கண்ட?"

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"நல்லா ரோசன பண்ணி சொல்லு கா. நீ சொன்னாத்தான்."

"ஒரு தடவ சொன்னா புரியாதா உனக்கு? காயிதத்துல இன்னா கீதோ அதான் நெலத்துலயும் இருக்கணும். எடு."

வைத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன். அன்றைக்குக் கூட்டத்தில் பேசியது என்ன தெரியுமா? வயலோரங்களில் புதர் குறைந்து வருகிறது, விவசாயிகளை எப்படி இணங்கவைப்பது என்பது. நான் நன்றாகப் பேசினேன் என்று மேலதிகாரி பாராட்டினார். ஊருக்குத்தான் உபதேசம் என்பதைப் பிறரைப் பார்த்துத்தான் இதுவரை சொல்லியிருக்கிறேன்.

நாலு நாள் கழித்துத் தம்பி ஒரு படம் அனுப்பினான். மஞ்சள் இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. புங்க மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஈச்ச மரத்தைக் காணவில்லை. நிலம் சதுரமாக, சுத்தமாக, பலகை மாதிரி இருந்தது. பதிலுக்கு நான் கட்டை விரல் தூக்கிய படத்தை அனுப்பினேன். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். விட்டால் இந்தக் குறிப்பை எழுதி என்ன புண்ணியம்?

அந்த வருடம் விதைப்புக்கு வீடியோ அழைப்பு வரவில்லை. வேலை மும்முரத்தில் எனக்கும் அது உறைக்கவில்லை.

ஆவணியில் கம்பளிப்புழு வந்தது. ஓரம் போனதால்தான் வந்தது என்று நான் சாதிக்கமாட்டேன். ஒரு வருடத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று படித்திருக்கிறேன். பக்கத்து நிலங்களிலும் வந்ததாம், ஆனால் எங்கள் நிலத்தில் இவ்வளவு வந்து அவன் பார்த்ததில்லையாம். வேளாண் அலுவலகத்திலிருந்து ஒரு துண்டுத் தாள் கொடுத்தார்கள். தம்பி அதைப் போனில் படித்துக் காட்டினான்.

"'பக்ஷுல கோசம் கர்ரலு பெட்டண்டி'ன்னு போட்டுருக்கறாங்க கா. குருவி வந்து குந்தறதுக்கு வயல்ல குச்சி நடணுமாம்."

"நல்ல யோசனைதாண்டா. புழுவைத் தின்னும்."

"அதான் நட்டுக்கினு கீறேன். மரத்தப் புடுங்கிட்டு குச்சி நடறேன்" என்றான். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

5

தையில் மூட்டை வந்தது. புடவைத் துணியை மீராதான் பிரித்தாள். உள்ளே பளபளவென்று ஒரு கடைப் பாக்கெட். துவரம் பருப்பு, ஒரு கிலோ. பக்கத்தில் காராமணி, அதுவும் பாக்கெட்.

எனக்குச் சுருக்கென்றது. உடனே போன் போட்டேன். "ஏண்டா, எனக்கு இங்க கட இல்லியா? கடப் பருப்ப எதுக்குடா கடல் தாண்டி அனுப்பற?"

போனை சரளா வாங்கினாள். நாத்தனாரிடம் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை, அன்றைக்குப் பேசினாள். "இன்னா அண்ணி பண்ணச் சொல்றீங்க? ஓரம் எங்க கீது? நீங்கதான வேணாம்னு சொல்ட்டீங்க."

"நான் எப்ப சொன்னேன்?"

"அவரு ரெண்டு தபா கேட்டாரே அண்ணி. உங்க பங்கு, நீங்க சொல்லாம அவரு கை வெப்பாரா? எடு எடுன்னு நீங்க சொன்ன ராத்திரி சோறு துன்னல அவரு. அக்காக்கு இங்க ஒண்ணும் வேணாம் போலன்னாரு. பொங்கலுக்கு வெறுங்கையா எப்பிடி அனுப்பறதுன்னு நகரிக்குப் போயி வாங்கினு வந்தாரு."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவன் என்னிடம் அதிகாரி என்று யோசனை கேட்கவில்லை. ஓரத்துக்குச் சொந்தக்காரி என்று உத்தரவு கேட்டிருக்கிறான். 'நீ சொன்னாத்தான்' என்றானே, அந்த நேரத்திலாவது மண்டையில் ஏறியிருக்க வேண்டாமா? இருபது வருடம் கையால் வீசிய ஓரம். அது என்னுடையது என்பதையே மறந்துபோயிருக்கிறேன். அவன் மறக்கவில்லை. இல்லாத ஓரத்துக்கும் பங்கு அனுப்பியிருக்கிறான்.

மீரா என் முகத்தைப் பார்த்து, "பருப்பு கெட்டுப்போச்சா அம்மா?" என்றாள். இல்லை என்றேன். அன்று ராத்திரி அந்தப் பருப்பில்தான் சாம்பார் வைத்தேன். வாயில் வைக்க முடியவில்லை, அழுகை வந்தது.

6

அதன் பிறகு வேலையில் எனக்கு ஒரு தடுமாற்றம். யான்சன் போன்றவர்கள் ஐந்து மீட்டர் விடுவது ஒப்பந்தத்துக்காக. ஒப்பந்தம் முடிந்த மறுநாள் பல பேர் உழுதுவிடுவார்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அவர்களுக்கும் வயிறு உண்டு. எங்கள் வீட்டில் ஒப்பந்தம் இல்லாமலே தலைமுறையாக விட்டார்கள். பெண்ணுக்குப் பங்கு, குருவிக்குப் பங்கு, அதற்கு மேல் காரணம் யாரும் கேட்கவில்லை. ஆனால் விட்டதற்காகத் தம்பியின் காப்பீட்டைக் குறைத்தால் அவன்தான் என்ன செய்வான்?

இதைச் சொன்னால் ஊர்ப் பெருமை பேசுகிறாள் என்பார்கள். பெருமை பேச ஒன்றுமில்லை. தம்பியே சொல்வான், "மயிலு கூட்டமா வந்து போட்ட வெதையத் தோண்டித் துன்னுட்டுப் போவுது, ராவுல பன்னி வந்து பெரட்டுது. அத்த வெரட்டக்கூடாது, இத்த வெரட்டக்கூடாதுன்றாங்க. துன்னத யாரு தர்றாங்க?" அதுவும் நியாயம்தான். உயிர்களைக் காப்பாற்று என்று சட்டம் போட்டால் போதாது. அவற்றுக்குச் சோறு போடுகிறவனின் நஷ்டமும், அவன் விட்டுவைத்த ஓரமும் ஏதாவது ஒரு கட்டத்தில் ஏற வேண்டும். ரெண்டு ஏக்கர்க்காரனுக்கு ஓரம் என்பது சின்ன விஷயம் இல்லை. பதிவில் 'ஓரப்பயிர்' என்று ஒரு வரி இருந்திருந்தால் என் தம்பி எனக்குப் போன் போட்டே இருக்கமாட்டான்.

பழியைப் படிவத்தின் மேல் தள்ளிவிட்டுத் தப்பித்துக்கொள்ளவும் மனசு ஒப்பவில்லை. படிவத்தில் வரி இல்லை, சரி. எனக்கு வாய் இருந்ததே.

ஐந்து மாதமாக அவனிடம் இதைப் பற்றிப் பேசத் துணிவு வரவில்லை. மழை எப்படி, பிள்ளைகள் எப்படி என்று சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன். மரத்தைத் திரும்ப வை என்று எந்த முகத்தோடு சொல்வது?

7

இன்று காலை ஆறரை மணி. பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறேன். போன் அடித்தது, வீடியோ. அங்கே பத்து மணி வெயில். தம்பி தலையில் துண்டு.

"அக்கா, மழ நல்லா பேஞ்சிச்சி. கடல போட்டுக்கினு கீறோம்" என்று சொல்லி போனைத் திருப்பிக் காட்டினான்.

ஈர மண். நடுவில் சால் பிடித்துக் கடலை போட்டுக்கொண்டு போகிறார்கள். ஆனால் நாலு பக்கமும் வரப்பை ஒட்டி ஒரு பட்டை சும்மா கிடந்தது. குச்சியால் கோடு கிழித்திருந்தது. மரம் இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு மூன்று புங்கங்கன்று, முள் கட்டி நின்றது.

"என்னடா, ஓரம் காலியா கீது?"

"நீ சொல்லாம எப்பிடிக் கா போடறது?"

அப்போதும் என் அதிகாரி புத்தி போகவில்லை. "பதிவுக்கு வந்து மறுபடியும் கொறப்பாங்களேடா?"

"அந்தம்மா கிட்ட சொல்ட்டேன், ரெண்டு ஏக்கர் கடலன்னே எழுதுங்கன்னு. போற கால் ஏக்கர் போவட்டும். காயிதத்துல இன்னா கீதோ அதான் நெலத்துலயும் இருக்கணும்னு நீதான சொன்ன? நெலத்த மாத்தறதுக்குப் பதிலா காயிதத்த மாத்திட்டேன்."

பதினோரு வருடமாக அந்த வாக்கியத்தைச் சொல்கிறேன். அதை இந்தப் பக்கமாகவும் திருப்பலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சரளா முந்தானை முடிச்சோடு வந்து கோட்டில் நின்றாள். சிரித்தாள். "அண்ணி, இவரு இவ்ளோ தூரத்துக்குக் கோடு போட்டுட்டாரு. என் கை எட்டாது. ரெண்டு எட்டு முன்னால போயி வீசறேன், பரவால்லியா?"

"ஏண்டா அவ்ளோ அகலம் விட்ட?"

"அது சரளா கைக்கு உட்டது இல்ல கா" என்றான். "உன் வீச்சுக்கு உட்டது. நைனா திட்டுவாரே, ஞாபகம் கீதா? ம், போடுன்னு சொல்லு. ஆளுங்க நின்னுக்கினு கீறாங்க."

சொன்னேன். முதல் தடவை சத்தம் வரவில்லை. இரண்டாம் தடவை நான் போட்ட சத்தத்தில் நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

யான்சனுக்கு இன்று எழுத வேண்டும். நாலரை நாலரைதான், அதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கடைசியில் எழுதுவேன். எங்கள் வயலில் ஓரம் என் கை வீச்சு அகலம். அது எவ்வளவு என்று எனக்கு மறந்துவிட்டது, என் தம்பிக்குத் தெரியும்.